சங்கு ஒன்று, நல்ல நிலையில்

பிளெங்கின்சாப் துரையின் பருத்தி பிரஸ் கம்பெனியைத் தூத்துக்குடியில் யாரும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாக்குக்கு எதற்கு வீண் கஷ்டம் என்று புளியஞ்சாப்பு ஆக்கிவிட்டார்கள். சுதந்திரம் வந்து ஒன்றரை வருஷம் ஆகியும் கிளம்ப மனசில்லாமல் இழுத்துக்கொண்டிருந்த துரைமார், லாபம் முதலில் கிளம்பிப் போனதும் தாங்களும் கிளம்பினார்கள். நாற்பத்தொன்பதாம் வருஷம் தை மாதம், புளியஞ்சாப்பு மூடப்படுகிறது என்று வாசல் கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

நோட்டீஸ் ஒன்றல்ல, இரண்டு. முதலாவதில் கம்பெனி மூடுவதற்காகப் பணம் வாங்க வேண்டிய தொழிலாளிகளின் பெயர்கள் இருந்தன. சர்வீஸ் ஒவ்வொரு வருஷத்துக்கும் அரை மாதச் சம்பளம் என்று யூனியன் மல்லுக்கட்டி வாங்கிய பணம் அது. ஜனங்கள் அதற்கு மூடுகாசு என்று பெயர் வைத்திருந்தார்கள். இரண்டாவது நோட்டீஸ், ஏலத்துக்கு வரும் மெஷின்கள், தட்டுமுட்டுச் சாமான்கள் பற்றியது.

சிவனணைந்தபெருமாள் முதல் நோட்டீஸை எழுத்துக் கூட்டிக் கூட்டி மூன்று தடவை படித்தார். முந்நூறு பேர் இருந்தார்கள், அவர் இல்லை. இவ்வளவு நீளமான பெயரை எழுத இடம் போதாமல் வேறெங்காவது தள்ளி எழுதியிருப்பார்களோ என்று ஓரம் மூலையெல்லாம் தேடினார். பக்கத்தில் நின்ற யூனியன் செக்ரட்டரி மரியான்தான் இரண்டாவது நோட்டீஸில் விரலை வைத்துக் காட்டினார்.

"அண்ணாச்சி, நீரு இங்கன இருக்கீரு பாரும்."

இரும்புத் தராசு இரண்டுக்கும் ஓட்டை வாளி பதினொன்றுக்கும் நடுவில் எழுதியிருந்தது: 'சங்கு ஒன்று, நல்ல நிலையில்.'

சங்கு என்ற சொல் இந்த ஊரில் கொஞ்சம் பேராசை பிடித்தது. கடலுக்கு அடியிலிருந்து முங்கி எடுப்பதும் சங்குதான், ஆலையில் ஷிப்டுக்கு அலறுவதும் சங்குதான், செத்த வீட்டில் ஊதுவதும் சங்குதான். பெருமாளுக்கு மூன்றோடும் சம்பந்தம் உண்டு. செத்த வீட்டுக்குச் சங்கு ஊதுவதுதான் அவருடைய தொழிலாக இருந்தது. நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஊர் பாதி காலியானபோது, விமானம் வந்தாலொழிய எந்த ஆலையும் சங்கை அலறவிடக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டது. புளியஞ்சாப்பின் நீராவிச் சங்கு வாயை மூடிக்கொண்டது. ஆட்கள் இஷ்டப்பட்ட நேரத்துக்கு வந்தார்கள், இஷ்டப்பட்ட நேரத்துக்குப் போனார்கள். மானேஜர் துரை தலையைப் பிய்த்துக்கொண்டார். அப்போது ஹெட்கிளார்க் அருமைநாயகம்தான், சாயர்புரம் மிஷன் காலேஜில் படித்த மூளையாயிற்றே, ஒரு வழி கண்டுபிடித்தார். மெஷின் சங்குதானே ஊதக் கூடாது? மனுஷன் சங்கு ஊதலாமே!

பெருமாளைக் கூட்டிவந்து பாய்லர் கூரைமேல் ஏற்றினார்கள். முதல் நாள் அவர் ஊதியதும் தெருவில் போனவர்கள் துண்டைத் தோளிலிருந்து இறக்கினார்கள், இரண்டு பேர் யார் வீடு என்று விசாரித்துக்கொண்டு கேட்டுக்குள் வந்தார்கள், பிரஸ்ஸில் வேலை பார்த்த ஒரு பெண் தன் மாமியாரை நினைத்து ஒப்பாரியே வைத்துவிட்டாள். அழுவதா வேலைக்குப் போவதா என்று தெளிய ஊருக்கு ஒரு வாரம் பிடித்தது.

பெருமாளுக்கோ அந்த வேலை முதல் நாளே பிடித்துவிட்டது. இருபது வருஷம் செத்தவர்களுக்கு ஊதியிருக்கிறார், ஒருத்தராவது எழுந்து உட்கார்ந்ததில்லை. இங்கே ஊதினால் முந்நூறு பேர் எழுந்து வருகிறார்கள். தலையில் முண்டாசு, கையில் தூக்குச்சட்டி, வாயில் வெற்றிலை, உயிரோடு வருகிறார்கள்! அந்தக் கூரைமேல் நின்று அவர்கள் வருவதைப் பார்ப்பது அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் தன்னைக் கண்டு தெருவை மாறிப் போவதும் அதன் பிறகு நின்றது.

சிக்கல் கணக்கில்தான் வந்தது. யுத்தகாலத்தில் புது ஆளை எடுக்கக் கூடாது என்று லண்டன் தலைமை ஆபீஸ் கண்டிப்பாக எழுதியிருந்தது. ஆனால் மெஷின் பழுதானால் வேறு மெஷின் வாங்கத் தடையில்லை. அருமைநாயகம் யோசித்தார். பழைய சங்கு உபயோகத்தில் இல்லை, அதற்குப் பதில் உள்ளூர்த் தயாரிப்பில் ஒரு சங்கு வாங்கப்பட்டது என்று எழுதிவிட்டார். பொய்யென்று அதில் ஒரு சொல்லைக்கூட யாரும் காட்ட முடியாது.

அதிலிருந்து பெருமாளின் சம்பளம் 'சங்குக்கு எண்ணெய்' என்று பதிவாயிற்று. விலைவாசி ஏறி அவர் கூடுதலாகக் கேட்டபோது, சங்கு பழசாகிவிட்டதால் எண்ணெய் அதிகம் குடிக்கிறது என்று எழுதி இரண்டு ரூபாய் வாங்கிக்கொடுத்தார் அருமைநாயகம். மலேரியாவில் படுத்தபோது, சங்கு ரிப்பேர். டாக்டர் பீஸும் கொய்னா மருந்தும் கம்பெனி செலவு. மற்றத் தொழிலாளிகள் காய்ச்சலில் படுத்தால் அன்றைய கூலி போயிற்று என்று அர்த்தம். மெஷின் படுத்தால் மட்டும் கம்பெனிக்கு அப்படி ஒரு பதைப்பு. யுத்தம் முடிந்து பழைய சங்கை மாட்டலாமா என்று கேட்டதற்கு, இருக்கிற சங்கு மலிவாகவும் நன்றாகவும் ஓடும்போது மாற்றுவானேன் என்று லண்டனிலிருந்து பதில் வந்தது. ஆனால் வருஷா வருஷம் தேய்மானம் என்று அவருடைய மதிப்பில் கொஞ்சத்தைக் கழித்துக்கொண்டே வந்தார்கள். அது மட்டும் நியாயம்தான், மனுஷர் தேய்ந்துதான் போயிருந்தார்.

நோட்டீஸைப் பார்த்த அன்று வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அவர் மனைவி சண்முகத்தாய்க்கு முதலில் சிரிப்பு வந்தது.

"நல்ல நிலையிலன்னா போட்டிருக்கான்? மூட்டுவலின்னு ராத்திரி பூரா அனத்துதீரே, அதைக் கேட்டானா அந்தத் துரை?"

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. பனங்கிழங்கு சுமந்து விற்கிறவள் அவள். துறைமுகத்துப் பாதையில் ஒரு பெட்டிக்கடை காலியாகிறது, முன்பணம் எழுபத்தைந்து ரூபாய். மூடுகாசு எழுபத்தெட்டு வரும் என்று கணக்குப் போட்டு, கடைக்காரரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அந்தக் காசு வராவிட்டால் பெருமாளுக்கு ஒரே ஒரு வேலைதான் பாக்கி. மறுபடியும் செத்த வீடு.

"நான் அங்கன போக மாட்டேம்ளா," என்றார் பெருமாள். "உசுரோட வாரவங்களுக்கு ஊதிப் பழகிட்டேன்."

மறுநாள் அருமைநாயகத்திடம் போனார்.

"ஐயா, நான் மனுசம்லா?"

"யாருவே இல்லைன்னா?" என்றார் அருமைநாயகம். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பெருமாளு, இத்தனை வருசம் உம்மை மெஷின்னு எழுதினது நான். இப்பம் மனுசன்னு எழுதினா பொய்க்கணக்கு எழுதினவன்னு என் மூடுகாசைப் பிடிச்சிருவான். எனக்கு நாலு பொட்டப்பிள்ளைய. ஏலம் முடியுற வரைக்கும் உமக்கு எண்ணெய்க் காசு உண்டு, நான் பாத்துக்கிடுதேன். மத்தவனுக்கு இன்னையோட சம்பளம் நின்னு போச்சு, தெரியும்லா?"

அவர் மேல் கோபப்படவும் பெருமாளால் முடியவில்லை. தனக்குச் சோறு போட்ட பொய் அது.

யூனியனிலும் ஒரே குழப்பம். மெஷினுக்குச் சந்தா கிடையாது என்பதால் பெருமாளிடம் யாரும் சந்தா வாங்கியதில்லை. சந்தா கட்டாதவருக்காக யூனியன் வாதாடலாமா என்று ஒரு கட்சி, வாதாடாவிட்டால் நாளைக்கு நம்மையும் மெஷின் என்பான் என்று ஒரு கட்சி. காய்ச்சலில் கூலி இழந்த ஒருவர் எழுந்து, மெஷினுக்கு மருந்தெல்லாம் கொடுக்கிறார்கள் என்றால் நம்மையும் மெஷினாக்கச் சொல்லி முன்னாடியே கேட்டிருக்கலாமே என்றார். அவருக்குக் கைதட்டல் கிடைத்தது. கடைசியில் மரியான் மேஜையைத் தட்டவே, லேபர் ஆபீசரிடம் மனுப் போடுவதென்று முடிவானது.

லேபர் ஆபீசர் தேவபிரசாதம் மதுரையிலிருந்து வந்தார். நல்ல மனுஷர், புது உத்தியோகம், புதுச் சட்டம். சட்டப் புத்தகத்தைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டுதான் நடப்பார். கம்பெனி ஆபீஸிலேயே விசாரணை நடந்தது. கம்பெனியை மூடிக் கணக்கு முடிக்க மெட்ராஸிலிருந்து வந்திருந்த வக்கீல் ஒரு பக்கம், மரியானும் பெருமாளும் ஒரு பக்கம், கூரையில் சுற்றும் பேனையே பார்த்துக்கொண்டு அருமைநாயகம் நடுவில்.

"சட்டப்படி தொழிலாளின்னா ரெண்டு வகைதான்," என்றார் ஆபீசர். "கையால வேலை செய்யறவன் இல்லேன்னா எழுத்து வேலை செய்யறவன். நீங்க எதுல வர்றீங்க?"

"நான் வாயால ஊதுவேன்யா."

ஆபீசர் புத்தகத்தைப் புரட்டினார். வாய் அதில் இல்லை.

"கையாலதான சங்கைப் பிடிக்காரு!" என்றார் மரியான்.

வக்கீல் எழுந்தார். "பிடிப்பது கை, ஊதுவது வாய். கம்பெனி காசு கொடுத்தது ஊதுவதற்கு. சும்மா பிடித்துக்கொண்டு நிற்பதற்கு யாராவது காசு கொடுப்பார்களா?"

ஆபீசர் யோசித்தார். நியாயத்தின் பக்கம் சாய அவருக்கும் ஆசைதான். "கை இல்லாம சங்கு ஊத முடியுமா? முடியாதுன்னா இது கைவேலைதான்னு நான் எழுதிடுவேன்."

முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பெருமாளுக்குத் தொழில் கர்வம் வந்துவிட்டது. பெரிய ஆபீசர் இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாரே என்ற மரியாதை வேறு. சங்கை மேஜை ஓரத்தில் வைத்தார், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டினார், குனிந்து ஊதினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மைக்கூடு நகர்ந்தது. வெளியே நின்றவர்கள் பழக்க தோஷத்தில் உள்ளே வேலைக்கு வந்துவிட்டார்கள்.

"குறித்துக்கொள்ளுங்கள்," என்றார் வக்கீல்.

மரியான் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அடுத்து விசாரணையில் பழைய வேலைநிறுத்தம் ஒன்று வந்தது. நாற்பத்தாறில் எல்லோரும் ஸ்டிரைக் செய்த அன்று இந்தச் சங்கு ஊதியதா இல்லையா என்று கேட்டார் வக்கீல். ஊதியது என்றார் பெருமாள். அப்படியானால், முந்நூறு தொழிலாளிகளும் நிறுத்திய வேலையை நிறுத்தாமல் செய்தது மெஷின் தவிர வேறென்னவாக இருக்க முடியும்?

"நாங்கதான்யா ஊதச் சொன்னோம்!" மரியான் துள்ளி எழுந்தார். "சங்கு ஊதாட்டா நாங்க எதுக்கு வராம இருக்கோம்? ஊதணும், ஊதினதுக்கப்புறம் நாங்க வரக் கூடாது. அதுதான ஸ்டிரைக்கு! ஊதவே இல்லன்னா வெறும் லீவு நாளுல்லா!"

அன்றைக்குப் பெருமாள் கூரைமேல் நின்று ஊதிவிட்டு, யாரும் வராத தெருவைப் பார்த்துக் கண்கலங்கி இறங்கினார். அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் ஏதாவது பிரிவில் போட்டுப் பார்த்திருப்பார்கள்.

ஆபீசர் சாயங்காலம் வரை எழுதினார். மனுதாரர் மனிதர் என்பது பார்வைக்குத் தெரிகிறது. தொழிலாளி என்பது சட்டத்துக்குத் தெரியவில்லை. மெஷின் என்று கம்பெனி சொல்வதை மறுக்க ஆதாரம் வேண்டும், அது வரும்வரை ஏலத்தை நிறுத்தத் தமக்கு அதிகாரம் இல்லை. படித்து முடித்ததும் பெருமாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ரொம்ப வருத்தமா இருக்குய்யா," என்றார். வருத்தத்துக்கும் சட்டத்தில் பிரிவு இல்லை.

ஏலமும் மூடுகாசுப் பட்டுவாடாவும் ஒரே நாள் வைத்தார்கள். முற்றத்தின் ஒரு புறம் ஆபீசர் மேஜை போட்டுக் கண்காணிக்க, தொழிலாளிகள் வரிசையில் நின்று காசு வாங்கினார்கள். மறுபுறம் வக்கீல் நாற்காலி போட்டு ஏலம் நடத்தினார். ஏலத்துக்கு வந்த கூட்டத்தில் சண்முகத்தாய் பனங்கிழங்குப் பெட்டியை இறக்கி வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். புருஷன் விலை போகிற நாளிலும் வியாபாரம் வியாபாரம்தானே, இன்னும் சொன்னால் இனிமேல் அந்த வியாபாரம்தான்.

தராசு போயிற்று. அடுத்து பெருமாளைக் கூப்பிட்டு ஒரு பலகைமேல் நிறுத்தினார்கள்.

விளாத்திகுளத்தில் பருத்தி அரைக்கும் மில் வைத்திருந்த நயினார் அண்ணாச்சி, சங்கு வாங்குவதற்காகவே இரட்டைமாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். வழியில் குலுங்காமல் இருக்க வண்டியில் வைக்கோல் பரப்பியிருந்தார். பலகைமேல் ஆள் நிற்பதைப் பார்த்து அவர் ஒன்றும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. வெள்ளைக்காரன் கம்பெனி, என்னவும் செய்வான் என்ற நினைப்பு. சுற்றிவந்து பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு எண்ணெய் குடிக்கும்?"

"ரெண்டு வேளை சோறு, ஒரு வேளை கஞ்சி," என்றார் அருமைநாயகம், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு.

"பரவால்லயே. எங்க, ஓட்டிக் காட்டும்."

பெருமாள் சங்கை உதட்டில் வைத்தார். எதிரே வரிசை. காசு வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும். அவர் ஊதி ஊதித் தினமும் எழுப்பிய ஆட்கள். மரியான் முகத்தை மேல்துண்டால் துடைத்தபடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஒவ்வொருவராக எல்லோருமே திரும்பினார்கள். அவமானம் என்றால் இதுதான் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மூச்சை இழுத்தார், விட்டார். புஸ் என்று காற்று மட்டும் வந்தது.

"ஊதும்யா!" என்று கத்தினார் வக்கீல்.

மறுபடியும் புஸ்.

"சங்கு ரிப்பேரு," என்றார் நயினார். "நல்ல நிலையிலன்னு போட்டு ஏமாத்தப் பாக்கீரே! எனக்கு வேண்டாம்வே." வண்டியை நோக்கி நடந்தார்.

வக்கீல் விலையை இறக்கினார். ஐம்பது, இருபது, ஐந்து. பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் எட்டணா என்றார். எதற்கென்று அவருக்கே தெரியாது, எட்டணாவுக்கு எது வந்தாலும் வாங்கிப் போடுகிற கை அது. எட்டணா ஒருதரம் என்றார் வக்கீல். உருக்கினால் என்ன தேறும் என்று இரும்புக்கடைக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் விசாரித்தார். எட்டணா இரண்டுதரம்.

"ஒரு ரூவா!"

சண்முகத்தாய் எழுந்து நின்றிருந்தாள். முகம் சிவந்திருந்தது. ரூபாய்க்கு மேல் யாரும் போகவில்லை. மூன்றுதரம். கிழங்கு விற்ற சில்லறையை எண்ணி மேஜையில் வைத்தாள். வக்கீல் ரசீது எழுதினார்: 'சங்கு ஒன்று, ரிப்பேர், உள்ளபடி விற்கப்பட்டது.' கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்பும் அடித்துக் கொடுத்தார்.

அவள் ரசீதைப் பார்த்தாள். பலகையிலிருந்து இறங்கிவந்து பக்கத்தில் நின்ற புருஷனைப் பார்த்தாள். மறுபடியும் ரசீதைப் பார்த்தாள். மார்க்கெட்டில் அழுகல் சரக்கைத் தலையில் கட்டினால் அவள் என்ன செய்வாளோ அதையே செய்தாள். பெருமாளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக லேபர் ஆபீசரின் மேஜைக்குப் போனாள்.

"ஐயா, நாயம் கேக்க வந்திருக்கேன். சங்குன்னு ஏலம் போட்டாங்க, காசு குடுத்து எடுத்தேன். இப்பம் பாத்தா என் பழைய புருசனையே என் தலையில கட்டிட்டாங்க. இவரு எனக்கு முன்னாடியே இருக்காருல்லா? எனக்கு என் சங்கைக் குடுக்கச் சொல்லுங்க, இல்லைன்னா ரூவாயைத் திருப்பச் சொல்லுங்க!"

வரிசை கலைந்து கூட்டம் சூழ்ந்தது. வக்கீல் ஓடிவந்தார். "உள்ளபடின்னு போட்டிருக்கேம்மா. உள்ளபடி எடுத்துக்கணும், திருப்ப முடியாது."

"உள்ளபடி இவரு மனுசம்லா!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆபீசர் சிரிக்கவில்லை. ரசீதை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். அவர் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது. அணைத்து வைத்திருந்த புத்தகத்தை முதல் தடவையாகக் கீழே வைத்தார்.

"வக்கீல் சார், என் சட்டத்துல வழி இல்லை. ஆனா பீனல் கோடுன்னு ஒண்ணு இருக்கே. மனுஷனை அடிமையா விலைக்கு விக்கிறது ஏழு வருஷம் வரைக்கும் போகும். இவர் மனுஷர்னு நான் ஏற்கெனவே எழுதியிருக்கேன், நீங்க ஆட்சேபிக்கலை. வித்ததுக்கு ரசீது இருக்கு. கையெழுத்து உங்களோடது."

வக்கீல் ரசீதைப் பிடுங்கப் பார்த்தார். மரியான் நடுவில் வந்து நின்றார்.

"வாங்கினவங்களுக்கும் தண்டனை உண்டும்மா," என்றார் ஆபீசர் சண்முகத்தாயிடம், சட்டம் தவறக் கூடாதே என்று.

"போடுங்கய்யா. அங்கனயாவது ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சோறு போடுவாங்கள்லா."

ஏழு வருஷம் என்ற சொல் வக்கீலின் காதில் போய் உட்கார்ந்துகொண்டது. காலையில் முந்நூறு பேருக்கு முன்னால் அசையாத மனுஷர் இப்போது நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஏலம் ரத்து என்றார், அந்த அம்மாளுக்கு ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள் என்றார், இவருக்கும் மூடுகாசு கொடுத்துவிடலாம் என்றார். ஆனால் ஒரு சங்கடம். வேலையை விட்டு நிறுத்தினால்தான் மூடுகாசு. வேலையில் சேர்த்தால்தான் நிறுத்த முடியும். பெருமாளை யாரும் சேர்த்ததே இல்லை, வாங்கியதாகத்தான் இருக்கிறது.

"ரெண்டு ஆர்டர் அடிச்சுடுங்க," என்றார் ஆபீசர். "சேர்த்ததுக்கு ஒண்ணு, நாற்பத்திரண்டாம் வருஷத் தேதி போட்டு. நிறுத்தினதுக்கு ஒண்ணு, இன்னைக்குத் தேதி போட்டு."

"பழைய கணக்கு?" என்று அருமைநாயகம் ஈனக்குரலில் கேட்டார்.

"பழைய கணக்கை யாரும் கேக்கப் போறதில்லை," என்று சீறினார் வக்கீல். "சீக்கிரம் அடியும்."

அருமைநாயகத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டைப்ரைட்டரில் உட்கார்ந்து இரண்டு தாளையும் அடித்தார், வக்கீல் இரண்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, ரயிலைப் பிடிக்கிறேன் என்று ஓடினார். முற்றத்தில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. ஆபீஸ் அறையில் அருமைநாயகம் முதல் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார். உட்கார்ந்தே படித்திருக்கலாம். என்னவோ, எழுந்து நிற்கத் தோன்றியது.

"சிவனணைந்தபெருமாள் அவர்களை இந்தக் கம்பெனியின் தொழிலாளியாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறது," என்று தமிழில் சொல்லி, தாளை நீட்டினார்.

பெருமாள் தாளை வாங்கினார். கம்பெனியில் அவர் பெயரை முழுசாக யாரும் சொல்லி அவர் கேட்டதில்லை. சங்கு எங்கே, சங்கைக் கூப்பிடு, சங்கு சாப்பிட்டாச்சா, அவ்வளவுதான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்க அவருக்குத் தோன்றவில்லை.

"இன்னொருக்கச் சொல்லுங்கய்யா."

அருமைநாயகம் இன்னொரு தடவை சொன்னார். அப்புறம் இரண்டாவது தாளையும் அதன்மேல் எழுபத்தெட்டு ரூபாயையும் வைத்து நீட்டினார். பெருமாள் கையை நீட்டவில்லை.

"அதைக் கொஞ்சம் பொறுத்துத் தாங்கய்யா," என்றார்.

அருமைநாயகம் தாளையும் காசையும் மேஜையில் வைத்து, பறக்காமல் இருக்க மைக்கூட்டை எடுத்துப் பாரம் வைத்தார்.

பெருமாள் வெளியே போய்ப் பிரஸ் கொட்டகைக்குள் நுழைந்தார். மெஷின்களை ஏலத்தில் எடுத்தவர்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தொழிலாளிகள் கஞ்சி குடிக்கும் பலகை மட்டும் சுவர் ஓரத்தில் கிடந்தது. அதில் உட்கார்ந்தார். மேல்துண்டை மடித்துத் தோளில் போட்டார், நிமிர்ந்துகொண்டார்.

சண்முகத்தாய் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தேடி வந்தாள்.

"இங்கன என்ன செய்யுதீரு? பணத்தை வாங்கிட்டு வாரும். இருட்டுததுக்குள்ள முன்பணம் குடுக்கலைன்னா கடைக்காரரு வேற ஆளுக்கு விட்டுருவாரு."

"கொஞ்ச நேரம் இருளா," என்றார் பெருமாள். "நான் வேலைல இருக்கேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, வேலைக்காரன் பெண்டாட்டி சோறு கொண்டுவந்து காத்திருப்பதுபோலக் கொட்டகை வாசலிலேயே நின்றுகொண்டாள்.